பூர்வீக ஊர் நூலகத்திற்கு அரசு நிதி பெறுதல்: சிங்கப்பூர்த் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

தமிழகத்துக் கிராமத்தில் வேர் உள்ள சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஊர் நூலகத்திற்கு ஏதேனும் செய்ய நினைத்தால், வழக்கமாக முதலில் நடப்பது வசூல்தான். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போகும். சில ஆயிரம் வெள்ளி சேரும். அலமாரியும் புத்தகமும் வாங்கப்படும். திறப்பு விழாப் படங்கள் வந்து சேரும். ஓரிரு ஆண்டு கழித்து, கட்டடம் பூட்டியே கிடப்பதாக ஊரிலிருந்து யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் திரட்டிய பணம் குறைவாக இருந்ததல்ல. கதவைத் திறந்து வைக்கும் ஆளுக்குச் சம்பளம், மின்கட்டணம், நாளிதழ், புது நூல் என்று ஆண்டுதோறும் வரும் செலவுக்கு எவரும் பொறுப்பேற்காததே காரணம். அந்தத் தொடர்செலவைப் பல பத்தாண்டுகள் தாங்கக்கூடியது அரசு மட்டுமே. ஆகவே நாம் அனுப்பும் பணம் அரசு நிதியின் இடத்தை நிரப்புவதாக இருக்கக் கூடாது. அரசு நிதி வருவதற்கு நாம் செலுத்தும் பங்காக இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு நோக்கத்தை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு முன்னுதாரணம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. 1953ஆம் ஆண்டு வணிகர் லீ கொங் சியான் இங்கே ஒரு பொது நூலகம் கட்ட 375,000 வெள்ளி தர முன்வந்தபோது, அது கட்டணமின்றி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களும் அதில் இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே வைத்தார். அதுவரை இருந்த ராஃபிள்ஸ் நூலகம் சந்தா கட்டியவர்களுக்கு உரியதாகவும், ஆங்கில நூல்களே மிகுந்ததாகவும் இருந்தது. கட்டடத்தின் எஞ்சிய செலவையும் பின்னாளைய பராமரிப்பையும் அரசு ஏற்றுக்கொள்ள, ஸ்டாம்ஃபர்டு சாலையின் செங்கல் கட்டடம் 1960 நவம்பரில் திறக்கப்பட்டது. கொடை கொடுத்தவர் நூலகத்தைத் தாமே நடத்தவில்லை. அதை நடத்தும் கடமையை அரசு ஏற்கும்படி செய்தார்.

நூலகம் யாருக்குச் சொந்தம்?

சிங்கப்பூரில் பொது நூலகம் என்றால் தேசிய நூலக வாரியம் என்ற ஒரே அமைப்பை நாடினால் போதும். தமிழகக் கிராமத்தில் அப்படியில்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தாலும், அங்கே மூன்று வகை நூலகங்கள் உண்டு. எந்த வகை என்று தெரியாமல் எழுதப்படும் மனு தவறான அலுவலகத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடும்.

முதல் வகை, பள்ளிக் கல்வித் துறையின் கீழுள்ள பொது நூலக இயக்ககத்தைச் சேர்ந்தது. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் ஆகியவை இதில் அடங்கும். மாவட்டந்தோறும் உள்ள நூலக ஆணைக்குழு இவற்றை நடத்துகிறது. மாவட்ட நூலக அலுவலர் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறார். மாவட்ட மைய நூலகங்கள் முதலியவற்றையும் சேர்த்து மாநிலம் முழுவதும் 4,600க்கும் மேற்பட்ட நூலகங்கள் இத்துறையிடம் உள்ளன.

இரண்டாம் வகை, ஊராட்சி நூலகம். 2006ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ், அப்போதிருந்த 12,618 கிராம ஊராட்சிகளுக்கும் ஐந்தாண்டுகளில் நூலகம் அமைப்பது என்று திட்டமிட்டுக் கட்டப்பட்டவை இவை. பணம் வந்தது ஊரக வளர்ச்சித் துறை வழியாக. கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தம். நூலகத் துறையின் பணியாளர் வரிசையில் இவற்றுக்கு இடமில்லை. பல ஊர்களில் பூட்டிக் கிடப்பவை இந்தக் கட்டடங்களே. கட்டுவதற்குத் திட்டம் இருந்தது. நடத்துவதற்கு உறுதியான ஏற்பாடு இல்லாமல் போயிற்று. மூன்றாம் வகை, மன்றமோ சங்கமோ தனிமனிதரோ நடத்தும் படிப்பகம்.

ஊரில் உள்ள உறவினரிடம் பெயர்ப்பலகையையும், உள்ளே இருக்கும் ஏதேனும் ஒரு நூலின் முதல் பக்க முத்திரையையும் படமெடுத்து அனுப்பச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். மீதியை ஊராட்சிச் செயலரிடம் கேட்டறியலாம்: நிலம் எந்தப் புல எண்ணில் (நில ஆவணத்தில் அந்த நிலத்துக்குரிய எண்) உள்ளது, யார் பெயரில் உள்ளது, மின் இணைப்பு யார் பெயரில் உள்ளது. இம்மூன்றும் எழுத்தில் கிடைக்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். நிலம் ஒரு குடும்பத்தின் பெயரிலேயே இருந்துவிட்ட நூலகங்களும் உண்டு. தாத்தா வாய்மொழியாகக் கொடுத்த இடத்தைப் பேரன் திரும்பக் கேட்கும் வழக்குகள் ஊருக்கு ஊர் நடப்பவை. அத்தகைய நிலத்தில் அரசுப் பணத்தைக் கொண்டு கட்டடம் எழுப்ப எந்த அலுவலரும் ஒப்பமிட மாட்டார். முதலில் தானப் பத்திரம் பதிவாக வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் ஊராட்சி நூலகம் நம் ஊரில் இருந்தால், புதுக் கட்டடத்துக்கு வசூல் செய்வதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்தை வாடகையின்றி நூலகத் துறையின் பயன்பாட்டுக்கு அளிப்பதாக ஊராட்சி தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அங்கே பகுதி நேர நூலகமோ ஊர்ப்புற நூலகமோ தொடங்குமாறு மாவட்ட நூலக அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வாடகையில்லாக் கட்டடம், தளவாடம், போதிய உறுப்பினர்கள், நூலகத்துக்குத் தொகை செலுத்திச் சேரும் சில புரவலர்கள் ஆகியவற்றை ஊரார் ஏற்பாடு செய்து வைத்திருந்தால், துறை மறுப்பதற்கான காரணங்கள் பெரிதும் குறைந்துவிடும். ஆள், நூல், நாளிதழ் ஆகிய தொடர்செலவு அதன்பின் துறையினுடையது. என் கணிப்பில், சிங்கப்பூரிலிருந்து போகும் பணத்துக்கு இதைவிடக் கூடுதல் பலன் தரும் இடம் வேறில்லை. மராமத்து, மின்விசிறி, நாற்காலி, கழிப்பறை என்ற அளவிலேயே நம் செலவு முடிந்துவிடுகிறது.

நூலக வரி என்னும் அடித்தளம்

விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நெடுங்காலம் வலியுறுத்தி வந்ததை, அன்றைய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் சட்டமாக்கினார். அதற்கு முன்பே 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் ஒரு நடமாடும் நூலகத்தைத் தொடங்கியிருந்தார். ரங்கநாதனே அதைத் தொடங்கிவைத்தார். ஒருவரின் ஆர்வத்தையே நம்பி ஓடிய அந்த வண்டிக்கும், சட்டப்படி வருவாய் பெறும் நூலகத்துக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பார்த்தால், அந்தச் சட்டத்தின் அருமை விளங்கும்.

சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. உள்ளாட்சிகள் வீட்டுவரி அல்லது சொத்துவரி வசூலிக்கும்போது அதனுடன் ஒரு ரூபாய்க்கு 10 காசு, அதாவது நூற்றுக்குப் பத்து, நூலக வரியாகச் சேர்த்து வாங்குகின்றன. அந்தத் தொகை ஊராட்சியின் பணமன்று. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் நிதியில் செலுத்தப்பட வேண்டியது. ஓர் ஊராட்சியில் 1,000 வீடுகள் இருந்து, வீட்டுக்குச் சராசரியாக ரூ.200 வரி என்று வைத்துக்கொண்டால், வீட்டுவரி ரூ.2 லட்சம்; நூலக வரி ரூ.20,000. ஒருவரின் ஓராண்டுச் சம்பளத்துக்குக்கூட அது காணாது. இதனால்தான் மாவட்டத்தின் நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் வசூலாகும் வரி ஒரே நிதியில் சேர்ந்து கிராமங்களையும் தாங்குகிறது. எனவே, ‘எங்கள் ஊர் கொடுத்த வரி எங்களுக்கே வர வேண்டும்’ என்று மனுவில் எழுதுவது நமக்கு நாமே குழி பறிப்பதாகும். கணக்குப் பார்த்தால் கிராமம்தான் கூடுதலாகப் பெறுகிறது. ‘மாவட்ட நூலக நிதியில் எங்கள் ஊருக்கு உரிய சேவை கிடைக்கவில்லை’ என்று எழுதுவதே சரி.

உள்ளாட்சிகள் மக்களிடம் வாங்கிய நூலக வரியை ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பது நெடுநாளைய நோய். நம் ஊராட்சி எவ்வாறு நடந்துகொண்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ் கேட்டறியலாம். கடந்த மூன்று நிதியாண்டுகளில் வீட்டுவரிக் கேட்பு (வசூலாக வேண்டிய தொகை) எவ்வளவு, வசூல் எவ்வளவு, அதில் நூலக வரி எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குச் செலுத்தப்பட்டது என்று நான்கே கேள்விகள் போதும்; கட்டணம் ரூ.10. ஆனால் இந்தச் சட்டத்தின்கீழ் கேட்கும் உரிமை இந்தியக் குடிமக்களுக்கே உண்டு. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருந்தாலும், தம் பெயரில் விண்ணப்பிக்க இயலாது. ஊரில் இருக்கும் மாமாவோ தம்பியோ அவர் பெயரில் விண்ணப்பிக்கட்டும்.

இங்கே இடைச்செருகலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இருப்போரின் பெயரில் ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடுகளுக்கு வீட்டுவரி பாக்கி இருப்பது அரிதன்று. நூலகத்துக்கு நிதி கேட்டுக் கையொப்பமிடுவோர் பட்டியலை ஊராட்சிச் செயலர் பார்க்கும்போது முதலில் அவர் நினைவுக்கு வருவது அந்தப் பாக்கிதான். கிராம ஊராட்சி வரிகளை இப்போது இணையவழியிலேயே செலுத்தலாம். மனு எழுதும் முன் கட்டிவிடுவது நல்லது.

கட்டடத்துக்கும் பெரிய மராமத்துக்கும்

கட்டடச் செலவுக்கு நம் பங்கையும் அரசுப் பங்கையும் இணைக்கும் வழிகளில் முதலில் பார்க்க வேண்டியது, 2021இல் தமிழக அரசு மீண்டும் தொடங்கிய ‘நமக்கு நாமே’ திட்டம். ஊரகப் பகுதியில் ஒரு பொதுப்பணிக்கான மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் செலுத்தினால் எஞ்சியதை அரசு ஏற்கும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் மக்கள் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறையும். மதிப்பீடு ரூ.15 லட்சம் என்றால் ஊரார் ரூ.5 லட்சம் திரட்ட வேண்டும். மக்கள் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருக்குமானால், பங்களிப்போரே பணியை நிறைவேற்றவும் வழியுண்டு. ஒப்பந்ததாரர் தேர்வில் ஊருக்குள் பூசல் வரும் என்று தோன்றினால், இந்த ஏற்பாட்டைக் கருதிப் பார்க்கலாம். ஆனால் அப்போது தரத்துக்கும் கணக்குக்கும் முழுப்பொறுப்பும் நம் தலையில் வந்துவிடும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். நடைமுறையில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையும் வட்டார வளர்ச்சி அலுவலரும் கோப்பை நகர்த்துவார்கள்.

மதிப்பீட்டை நாமே போடக் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிங்கப்பூரில் கட்டுமானத் துறையில் இருக்கும் நண்பர் அழகான வரைபடம் வரைந்து தருவார். ஆனால் ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் அரசின் விலைவிகிதப் பட்டியலின்படி தயாரிக்கும் மதிப்பீடே செல்லும். நண்பரின் வரைபடத்தைப் பொறியாளரிடம் கொடுத்து, காற்றோட்டம், சாய்தளம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லலாம், அவ்வளவே.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி இன்னொரு வழி. தமிழகத்தில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு ரூ.3 கோடி ஒதுக்கப்படுகிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு ரூ.5 கோடி. இரண்டிலும் உறுப்பினர் பரிந்துரைக்கிறார். ஒப்புதலும் நிறைவேற்றமும் மாவட்ட நிர்வாகத்தினுடையவை. உறுப்பினரிடம் பணம் இருப்பதாக எண்ணி அவர் வீட்டு வாசலில் காத்திருப்பதைவிட, புல எண், தீர்மான நகல், மதிப்பீடு மூன்றையும் இணைத்த ஒரு பக்க மனுவை நிதியாண்டின் தொடக்கமான ஏப்ரல், மே மாதங்களில் கொடுப்பது பயன்தரும். பிப்ரவரியில் கொடுக்கும் மனு பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்குத்தான் போகும். தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் உள்ள காலத்தில் புதுப் பணிகளுக்கு ஒப்புதல் கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஊராட்சிக்கு மத்திய, மாநில நிதிக்குழு மானியங்களும் வருகின்றன. குடிநீர், துப்புரவு என்று கட்டுப்படுத்தப்பட்ட பகுதியிலிருந்து நூலகத்துக்கு எடுக்க முடியாது. கட்டுப்பாடற்ற பகுதியிலிருந்து சிறு மராமத்து செய்யலாம். தெருவிளக்கும் சாலையும் அதே பணத்துக்குக் காத்திருக்கும் என்பதால் இதைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

மூன்றாம் வகையான தனியார் படிப்பகத்துக்கு மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை பொருந்தா. அதற்குரியது, மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின்கீழ் கொல்கத்தாவில் 1972 முதல் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை. மாநில அரசு தன் பங்கைச் செலுத்தி அதற்கு இணையாகப் பெறும் உதவி ஒரு வகை. மாநிலப் பங்கை எதிர்பாராமல் தரப்படும் உதவி இன்னொரு வகை. நூலகச் சேவை அளிக்கும் பதிவுபெற்ற தன்னார்வ அமைப்புகள் இரண்டாவதன்கீழ் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் மாநிலக் குழுவின் பரிந்துரையோடு போக வேண்டும். பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்குகள், நூல் வழங்கல் பதிவேடு ஆகியவை இல்லாத படிப்பகம் இதில் தேறுவது அரிது. ஆகவே பதிவையும் கணக்கையும் முதலில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, அதன்பின் விண்ணப்பத்தைக் கையில் எடுக்கலாம்.

கிராம சபைத் தீர்மானம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் கோப்பின் முதல் தாள் கிராம சபைத் தீர்மானமாக இருப்பது நல்லது. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சிங்கப்பூரிலிருந்து போவோருக்கு இவற்றில் இரண்டு வசதியானவை. தேசிய தின விடுமுறையோடு சில நாள் சேர்த்துக்கொண்டால் ஆகஸ்டு 15க்கு ஊரில் இருக்கலாம். தீபாவளிக்குப் போவோர் பல ஆண்டுகளில் நவம்பர் 1ஐயும் பிடித்துவிடலாம். எனினும் வாக்களிக்கும் உரிமை அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களுக்கே உண்டு. நாம் போய் நின்று பேசுவதைவிட, பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் பேசுவதே சபையில் எடுபடும்.

தீர்மானத்தின் சொற்கள் மங்கலாக இருந்தால் பின்னால் பயன்படா. ‘நூலகத்தை மேம்படுத்த வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்பதைக் கொண்டு எந்த அலுவலரும் எதையும் செய்ய முடியாது. ‘இவ்வூராட்சியில் இன்ன புல எண்ணில் உள்ள ஊராட்சி நூலகக் கட்டடத்தை, மாவட்ட நூலக ஆணைக்குழு பகுதி நேர நூலகம் நடத்தும் பொருட்டு வாடகையின்றி வழங்கவும், மின்கட்டணத்தை ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து செலுத்தவும், கட்டட மராமத்தை நமக்கு நாமே திட்டத்தின்கீழ் மேற்கொள்ள மக்கள் பங்குத்தொகையுடன் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்கவும் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால், ஒவ்வொரு சொற்றொடரும் ஓர் அலுவலகத்துக்கு உரிய வேலையைச் சுட்டிக் காட்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத இடைக்காலத்தில் தனி அலுவலரின் பொறுப்பில் ஊராட்சி இருக்கும். அப்போதும் தீர்மானம் செல்லும். தீர்மானத்தின் நகலை அன்றே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

அடுத்து மனு. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தால் பதிவெண் கிடைக்கும். ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசின் குறைதீர்ப்பு இணையதளத்திலும் 1100 என்ற தொலைபேசி எண்ணிலும் பதியலாம். இணையத்தில் இட்டதோடு நிறுத்திக்கொள்ளாமல் நேரிலும் ஒருவர் போவது நல்லது. மனுவைப் படித்துக்கொண்டே அலுவலர் கேட்கும் ஒரு கேள்விக்கு அங்கேயே விடை சொல்ல ஆள் இருந்தால் மாதக்கணக்கான கடிதப் போக்குவரத்து மிச்சமாகும். அயலகத் தமிழர் நலத்துறை, வெளிநாட்டுத் தமிழர்கள் தங்கள் ஊர்ப் பணிகளில் பங்கெடுப்பதற்கென்றே ‘எனது கிராமம்’ என்ற திட்டத்தை 2024 ஜனவரியில் தொடங்கியிருக்கிறது. மாவட்டத்தில் கோப்பு நகராதபோது அத்துறையின் வழியாகவும் கேட்டுப் பார்க்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து பணம் போகும் வழி

நல்லெண்ணம் சட்டச் சிக்கலாக மாறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியாவின் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை ஊரில் எஃப்.சி.ஆர்.ஏ. என்றே அழைப்பார்கள். வெளிநாட்டுக் குடிமகன் தரும் பணம் இச்சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. நாம் தமிழராக இருப்பதோ, பாட்டன் அந்த ஊரில் பிறந்ததோ, வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை இருப்பதோ இதை மாற்றாது. மாறாக, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சிங்கப்பூரில் நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியில் இருப்பவராகவோ இருந்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. ஒரே வாட்ஸ்அப் குழுவில் இரு தரப்பினரும் இருப்பார்கள். இருவர் பணத்தையும் ஒரே கணக்கில் கொட்டிக் கலந்துவிட்டால் பிரித்துக் காட்ட முடியாமல் போகும். முதல் வெள்ளி சேரும் முன்பே கொடுப்போரின் குடியுரிமையைக் குறித்துவைத்து, இரண்டு பட்டியலாகப் பிரித்து வைக்க வேண்டும்.

வெளிநாட்டுக் குடிமக்களின் பணத்தை ஊரிலுள்ள அறக்கட்டளையோ மன்றமோ பெற வேண்டுமானால், அது இச்சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும் அல்லது குறிப்பிட்ட பணிக்கு முன்அனுமதி பெற்றிருக்க வேண்டும். பணம் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகவே வர வேண்டும். பதிவுபெற்ற பெரிய அமைப்பு ஒன்றிடம் கொடுத்து, அது நம் ஊர் மன்றத்துக்குக் கைமாற்றும் என்று எண்ணவும் இயலாது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அவ்வாறு வேறோர் அமைப்புக்கு மாற்றுவது தடை செய்யப்பட்டுள்ளது. அந்த அமைப்பு தானே பணியைச் செய்து முடிக்கலாம். தம்பியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி அவர் பெயரில் மன்றத்துக்குக் கொடுக்கச் செய்வது சிலர் சொல்லும் குறுக்குவழி. அதைச் செய்யாதீர்கள், விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஊரில் இருக்கும் தம்பிதான்.

அரசுத் திட்டத்துக்குப் பங்குத்தொகை செலுத்தும்போதும் செலுத்துவோரில் வெளிநாட்டுக் குடிமக்கள் இருப்பதை ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, எந்தப் பெயரில், எவ்வகையில் செலுத்துவது என்ற பதிலையும் எழுத்தில் பெற வேண்டும். மிகச் சிக்கலற்ற வழி ஒன்றைக் கேட்டால், மக்கள் பங்கை இந்தியக் குடிமக்களான உறுப்பினர்கள் ஏற்று, சிங்கப்பூர்க் குடிமக்கள் உழைப்பையும் தொடர்புகளையும் தருவதே என்பேன். கேட்கக் கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். ஆனால் கோப்பு தடையின்றி நகரும்.

சிங்கப்பூர்ப் பக்கத்துச் சட்டத்தையும் மறக்கலாகாது. வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டிய நிகரத் தொகையில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே பயன்படுத்த வேண்டும் என்பது பொதுவிதி. பொதுமக்களிடம் கேட்காமல் தமக்குள் திரட்டும் தனிப்பட்ட முயற்சிகளுக்குத் தளர்வு கோரி விண்ணப்பிக்கலாம். தேக்காவில் உண்டியல் ஏந்துவதும், இணையத்தில் பொது வேண்டுகோள் இடுவதும், விருந்து நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு விற்பதும் அனுமதியின்றிச் செய்யக்கூடியவை அல்ல. வெளிநாட்டுப் பணிக்குக் கொடுப்பதற்கு இங்கே வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும் கொடுப்போரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நூல்களும் புரவலர் பணமும்

சிங்கப்பூரில் பழைய நூல்களைத் திரட்டிக் கப்பலில் அனுப்புவது பார்வைக்கு நன்றாக இருக்கும், பலன் குறைவு. இறக்குமதியாகும் அச்சு நூல்களுக்கு இந்தியாவில் 2019 முதல் 5 விழுக்காடு சுங்கவரி உண்டு. அதன்மேல் கப்பல் கட்டணமும் துறைமுக அலைச்சலும் சேரும். அதே பணத்தில் தமிழகப் பதிப்பாளரிடம் புது நூல் வாங்கலாம். இங்குள்ள பாடநூல்கள் அங்கே எவருக்கும் பயன்படா. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களின் படைப்புகளை மட்டும் தேர்ந்து ஒரு சிறு தொகுதியாகக் கையில் கொண்டுபோனால் அதற்கு மதிப்பிருக்கும். நூலகத் துறையின் நூலகமாயின், ரூ.1,000 செலுத்திப் புரவலராகச் சேரும் ஏற்பாடு உண்டு. தொகை சிறிதாயினும், புரவலர்களின் எண்ணிக்கை நூலகத்தின் தரம் உயர்வதற்கு வாதமாகப் பயன்படும். வாசகர் வட்டம் இல்லையென்றால் ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள். அலுவலர்கள் மாறினாலும் கோப்பை மறக்காமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.

ஒப்புதலுக்குப் பின்

நிர்வாக அனுமதி கிடைத்ததும் கல்வெட்டுப் பேச்சு தொடங்கிவிடும். யார் பெயர், எந்த வரிசை என்பதில் ஊர்கள் பிளந்திருக்கின்றன. பெயரே வேண்டாம் என்று சிங்கப்பூர்த் தரப்பு முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவர்களும் அடங்குவார்கள். பணி முடிந்தபின் பணிநிறைவுச் சான்றின் நகலைப் பெறுங்கள். மின் இணைப்பு ஊராட்சியின் பெயருக்கோ ஆணைக்குழுவின் பெயருக்கோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தனியொருவர் பெயரில் இருந்தால் அவர் கட்ட மறக்கும் மாதத்தில் விளக்கு அணையும்.

கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது ஆளைப் பற்றித்தான். நூலகர் இடம் நிரப்பப்பட்டுள்ளதா, அவர் வேறொரு நூலகத்தையும் சேர்த்துப் பார்க்கிறாரா, அறிவிப்புப் பலகையில் உள்ள நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா என்ற மூன்றையும் வாசகர் வட்டம் காலாண்டுக்கு ஒருமுறை எழுதி வைக்கட்டும். நாள்தோறும் வருவோர் எண்ணிக்கையும் வழங்கிய நூல்களின் எண்ணிக்கையும் நூலகத்தின் பதிவேட்டிலேயே இருக்கும். ஊர்ப்புற நூலகத்தைக் கிளை நூலகமாக உயர்த்தக் கோரும்போதும், பகுதி நேரத்தை முழுநேரமாக்கக் கேட்கும்போதும் மாவட்ட நூலக அலுவலர் முதலில் பார்ப்பது அந்த எண்களைத்தான். தீர்மான நகல், மதிப்பீடு, பணம் செலுத்திய சான்று, மனுக்களின் பதிவெண்கள், இந்தக் காலாண்டுக் குறிப்புகள் ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கட்டி, ஒரு நகலை வாசகர் வட்டத்திடமும் ஒரு நகலைச் சிங்கப்பூரில் இருப்பவரிடமும் வைத்திருங்கள்.